உங்களுக்குத் தெரியுமா? – கனவுக்குக் கடிவாளம்

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே 'அட, இது கனவுதான்' என்று தெரிந்துவிடுவதை ஆங்கிலத்தில் 'லூசிட் ட்ரீம்' என்கிறார்கள். தமிழில் தெளிகனவு என்று வைத்துக்கொள்வோம். தெரிந்துகொள்வது முதல் படி. தெரிந்த பிறகு கனவை நம் இஷ்டத்துக்கு வளைப்பது அடுத்த படி. முதல் படியில் ஏறியவர்களில் பலர் அடுத்ததில் வழுக்கி விழுகிறார்கள். இந்த வாரத் துணுக்குகள் பெரும்பாலும் அந்த வழுக்குப் படியைப் பற்றியவை.

★

'லூசிட் ட்ரீம்' என்ற பெயரைப் பரப்பியவர் ஃபிரெடரிக் வான் ஏடன். நெதர்லாந்துக்காரர்; மனநல மருத்துவர், நாவலாசிரியரும்கூட. 1913-ல் வெளியான அவருடைய கட்டுரை ஒன்றில் கணக்குப்பிள்ளை மாதிரி எண்ணிக்கை கொடுத்திருக்கிறார்: 1898 ஜனவரி 20 முதல் 1912 டிசம்பர் 26 வரை தான் கண்ட தெளிகனவுகள் 352.

★

அந்த 352-ல் ஒன்றை மட்டும் கிட்டே போய்ப் பார்க்கலாம். 1904 செப்டம்பர் 9. கனவில் ஒரு ஜன்னலோரம் மேஜை முன்னால் நிற்கிறார் வான் ஏடன். இது கனவு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சரி, கனவில் கண்ணாடி உடையுமா பார்ப்போம் என்று ஒரு கண்ணாடித் துண்டை இரண்டு கற்களின் மேல் வைத்து மூன்றாவது கல்லால் அடிக்கிறார். உடையவில்லை. மேஜையிலிருந்த ஒயின் கிண்ணத்தை எடுத்து, முழு பலத்தோடு முஷ்டியால் குத்துகிறார். விழித்திருக்கும்போது இப்படிச் செய்தால் கை என்ன ஆகும் என்ற யோசனை வேறு நடுவில் ஓடுகிறது. கிண்ணம் அப்படியே இருக்கிறது. சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் உடைந்து கிடக்கிறது! நாடகத்தில் தன் வசனத்துக்கான இடத்தைத் தவறவிட்டு, தாமதமாக வந்து நிற்கும் நடிகனைப் போல் இருந்ததாம் அது. மனிதர் விடவில்லை. உடைந்த சில்லுகளை ஜன்னலுக்கு வெளியே வீசுகிறார், சத்தம் கேட்கிறதா என்று பார்க்க. சிலீரென்று கேட்கிறது. சத்தத்துக்கு மிரண்டு இரண்டு நாய்கள் ஓடுகின்றன. கடைசியில் ஒயினையும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, ஒயின் ருசிதான் என்று குறித்துக்கொள்கிறார்.

கனவைக் கட்டுப்படுத்துவதைப் பற்றி இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஓங்கிக் குத்தியபோது உடையாத கிண்ணம், அவர் கவனம் விலகியதும் உடைந்துவிட்டது. கனவை அதட்டினால் முரண்டு பிடிக்கும். 'நடக்கத்தான் போகிறது' என்று சாவதானமாக இருந்தால் நடத்திக்கொடுக்கும்.

★

கனவில் லைட் சுவிட்சைப் போட்டால் பெரும்பாலும் விளக்கு எரியாது. இருட்டறையில் நின்றுகொண்டு தட்டித் தட்டிப் பார்ப்போம். ஒன்று எரியவே எரியாது, இல்லாவிட்டால் வேறெங்காவது ஒரு விளக்கு மினுக்கும். பிரிட்டிஷ் உளவியலாளர் கீத் ஹெர்ன் 1981-ல் இதைப் பற்றித் தனியாகவே எழுதினார். கனவின் வெளிச்ச அளவைச் சட்டென்று கூட்டுவது மூளைக்குச் சிரமம் போலும் என்பது அவர் ஊகம். மின்வெட்டுக்குப் பழகிய நம்மூர்க்காரர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு: கனவிலும் 'கரண்ட் போயிடுச்சு' என்று சமாதானம் ஆகிவிடுவோம்.

★

கதவு வித்தை தெரியுமா? தெளிகனவில் ஓர் ஆளை வரவழைக்க வேண்டுமென்றால், கண்ணெதிரே வெறும் காற்றில் அவரைத் தோன்றச் செய்ய முயன்றால் வர மாட்டார். ஒரு மூடிய கதவின் முன் நின்று, 'இதைத் திறந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பார்' என்று நினைத்துக்கொண்டு திறக்க வேண்டும். அல்லது 'நமக்குப் பின்னால்தான் நிற்கிறார்' என்று எண்ணியபடி திரும்ப வேண்டும். அனுபவசாலிகள் பலரும் கைக்கொள்ளும் உபாயம் இது. பார்வையில் படாத இடத்தில்தான் கனவு தாராளமாக இருக்கிறது.

★

கனவைக் கட்டுப்படுத்துவதற்கென்றே ஒருவர் புத்தகம் எழுதினார், 1867-லேயே. ஆசிரியர் பெயர் போடாமல் பாரிஸில் வந்தது. 'கனவுகளும் அவற்றைச் செலுத்தும் வழிகளும்' என்பது தலைப்பின் பொருள். எழுதியவர் ஹெர்வே த சேன் தெனி, சீன மொழி அறிஞர். பின்னாளில் கொலேஜ் த பிரான்ஸில் பேராசிரியர். 13 வயதில் கனவுக் குறிப்பேடு எழுதத் தொடங்கி, 22 நோட்டுப் புத்தகங்களில் 1,946 இரவுகளைப் படம் வரைந்து நிரப்பியவர். குறிப்பு எழுத ஆரம்பித்து 207-வது இரவில்தான் அவருக்கு முதல் தெளிகனவு வாய்த்தது. 15 மாதங்களில் ஏறக்குறைய தினமும் வர ஆரம்பித்துவிட்டது. ஒரு வாரம் முயன்றுவிட்டு 'எனக்கெல்லாம் வராது சார்' என்பவர்கள் அந்த 207-ஐ ஞாபகத்தில் வைக்கவும்.

★

அந்தப் புத்தகத்தை எவ்வளவோ தேடியும் கிடைக்காமல் போன பிரபலம் ஒருவர் உண்டு: சிக்மண்ட் ஃபிராய்ட்.

★

ஹெர்வே, தூங்குவதற்கு முன்பே கனவுக்கு விதை போடுவார். தெற்கு பிரான்ஸில் விவரே என்ற மலைப்பகுதிக்குப் போகும்போது, அதுவரை முகர்ந்தே இராத ஓர் அத்தர் புட்டியை எடுத்துக்கொண்டார். அங்கே இருந்த நாளெல்லாம் கைக்குட்டையில் அதே வாசனை. ஊர் திரும்பியதும் புட்டியை மூடி வைத்துவிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு வேலைக்காரரிடம் கொடுத்து, 'என்றைக்கு என்று என்னிடம் சொல்லாதே. நான் தூங்கும்போது என் தலையணையில் சில சொட்டு விடு' என்று சொல்லி வைத்தார். சொட்டு விழுந்த இரவில், கனவில் விவரே மலைகள்!

★

அவரே இன்னொரு விஷப்பரீட்சையும் செய்தார். கனவில் செத்தால் என்ன ஆகும்? இது கனவுதான் என்று உறுதி செய்துகொண்டு உயரத்திலிருந்து குதித்தார். அடுத்த நொடி காட்சி மாறிவிட்டது. ஒரு பேராலயத்தின் முன் கூட்டத்தோடு கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்கிறார். கோபுரத்திலிருந்து விழுந்து செத்த யாரோ ஒருவரைத் தூக்கிப் போகிறார்கள். 'கனவில் செத்தால் நிஜத்திலும் சாவு' என்று பயமுறுத்தும் ஆசாமிகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம். (நிஜத்தில் செத்தவர் எழுந்து வந்து 'கனவில் செத்தேன், அதனால்தான்' என்று சொன்னதில்லையே, பிறகு எப்படித் தெரியும் என்று சின்ன வயதிலேயே எனக்கு ஒரு சந்தேகம்.)

★

தெளிகனவு நிஜம்தான் என்று ஆய்வுக்கூடத்தில் முதலில் காட்டியவர், மேலே சுவிட்ச் விஷயத்தில் வந்த அதே கீத் ஹெர்ன். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகம், 1975 ஏப்ரல் 12. தூங்கிக்கொண்டிருந்தவர் ஆலன் வோர்ஸ்லி. அதிகக் கனவு வரும் 'ரெம்' உறக்கத்தில் கைகால் தசைகள் செயலிழந்து கிடக்கும். கண்கள் மட்டும் அசையும். அதனால் ஒப்பந்தம் இப்படி: 'கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடதும் வலதுமாகப் பல தடவை ஆட்டு.' வோர்ஸ்லி ஆட்டினார். கண்ணசைவைப் பதியும் கருவியின் காகிதத்தில் கோடுகள் சீராக ஏறி இறங்கின. உறக்கத்துக்குள்ளிருந்து வெளியுலகுக்கு வேண்டுமென்றே அனுப்பப்பட்டு, கருவியில் பதிவான முதல் சேதி அது.

★

ஹெர்னின் வேலையைப் பற்றித் தெரியாமலே அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் லபெர்ஜ் அதே வழியில் நடந்தார். 1980-ல் டாக்டர் பட்டம். இவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது: கனவுக்குள் முஷ்டியை மடக்கி, தன் பெயரின் முதலெழுத்துகளை மோர்ஸ் தந்தி மொழியில் அனுப்பினார். இடக்கை என்றால் புள்ளி, வலக்கை என்றால் கோடு. இடது, இடது, இடது: 'எஸ்'. இடது, வலது, இடது, இடது: 'எல்'. நிஜக் கைகள் மடங்கவில்லை. ஆனால் முன்கைத் தசைகளில் ஒட்டியிருந்த மின்முனைகள் அந்தத் துடிப்புகளைப் பிடித்துவிட்டன.

★

தெளிகனவு வந்த உடனேயே பலருக்கு விழிப்பு வந்துவிடும். காரணம், சந்தோஷம். எனக்கு வாய்த்த முதல் தெளிகனவில், ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஒரு பலகையைப் படித்தேன். மறுபடி பார்த்தபோது ஊர்ப் பெயர் மாறியிருந்தது. 'கனவு!' என்று கனவுக்குள்ளேயே கத்தினேன். அவ்வளவுதான். மின்விசிறி சுற்றுவது தெரிந்தது, மணி ஐந்தரை. ஒரு வாய் டீ குடிக்கும் நேரம்கூட அங்கே நிற்கவில்லை.

★

கலையப் போகும் கனவைப் பிடித்து நிறுத்த லபெர்ஜ் சொல்லும் வழி, கனவுக்குள்ளேயே தட்டாமாலை சுற்றுவது! கையிரண்டையும் விரித்து நின்ற இடத்தில் பம்பரமாகச் சுற்ற வேண்டும். சுற்றி நிற்கும்போது பெரும்பாலும் வேறோர் இடத்தில் இருப்போம், கனவு தொடரும். சுற்றப் பிடிக்காதவர்கள் கனவுக் கைகளைப் பரபரவென்று தேய்க்கலாம். அதுவும் வேலை செய்கிறது. கனவு உடம்பில் கவனத்தைப் பூட்டி வைத்தால், கட்டிலில் கிடக்கும் உடம்பின் பக்கம் கவனம் போகாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம்.

★

கனவில் பத்து வரை எண்ண எவ்வளவு நேரம் ஆகும்? ஏறத்தாழ பத்து நொடிதான். தொடக்கத்திலும் முடிவிலும் கண்ணால் சைகை காட்டச் சொல்லி லபெர்ஜ் அளந்து பார்த்தார். ஒரு நொடியில் ஓர் ஆயுள் காலமே கனவில் ஓடிவிடும் என்பதெல்லாம் கதைக்கு நன்றாக இருக்கும். தோப்புக்கரணம் மாதிரி உட்கார்ந்து எழும் பயிற்சிகளுக்கு நிஜத்தைவிடக் கனவில் கூடுதல் நேரம் பிடிக்கிறது என்று பிற்பாடு ஜெர்மன் ஆய்வாளர் டேனியல் எர்லாகர் கண்டார். கனவில் நம் உடம்பு கொஞ்சம் சோம்பேறி.

ஆனால் அந்தக் கனவுத் தோப்புக்கரணத்துக்கு, கட்டிலில் கிடப்பவரின் இதயத் துடிப்பு நிஜமாகவே கூடுகிறது.

★

கனவில் மூச்சை அடக்கினால் நிஜத்திலும் மூச்சு நிற்கிறது. கனவில் வேகமாக மூச்சு வாங்கினால் நிஜத்திலும் அப்படியே. 1982-ல் லபெர்ஜும் உறக்க ஆய்வாளர் வில்லியம் டிமெண்டும் இதைப் பதிவு செய்தார்கள். இதை வைத்துத்தான், 'இது கனவா' என்று கண்டுபிடிக்கும் மூக்குச் சோதனை: பகலில் அவ்வப்போது மூக்கை இறுகப் பிடித்து, வாயை மூடி, மூச்சு இழுத்துப் பாருங்கள். கனவில் இதைச் செய்தால் கனவு மூக்கு அடைபட்டிருக்கும். நிஜ மூக்கு திறந்தே இருக்கும். ஆகவே அடைத்த மூக்கில் காற்று ஜோராகப் போகும். சோதனைகளில் இதுதான் நம்பகமானது என்பது என் கட்சி. கையைக் கிள்ளிப் பார்ப்பது உதவாது. கனவிலும் வலிக்கலாம்.

★

எழுத்தை இரண்டு முறை படிப்பது இன்னொரு சோதனை. டிஜிட்டல் கடிகாரம், கடைப் பெயர்ப்பலகை, செல்போன் திரை எதுவானாலும் சரி, ஒரு முறை படித்துவிட்டு முகத்தைத் திருப்பி மறுபடி படியுங்கள். கனவில் பெரும்பாலும் எழுத்து மாறிவிடும். ஒரு நிபந்தனை: பகலில் சோதிக்கும்போது 'நிஜமாகவே இப்போது கனவாக இருக்குமோ' என்று மனப்பூர்வமாகச் சந்தேகிக்க வேண்டும். சும்மா பழக்கதோஷத்தில் மூக்கைப் பிடிப்பவர், கனவிலும் சும்மா பிடித்துவிட்டு நடந்து போய்விடுவார்.

★

திருக்குறளின் 122-வது அதிகாரம் 'கனவுநிலை உரைத்தல்'. அதன் இரண்டாவது குறளில் தலைவி ஒரு திட்டம் போடுகிறாள்: 'நான் கேட்டுக்கொண்டபடி என் கண்கள் தூங்கினால், கனவில் வரும் காதலரிடம் நான் உயிரோடிருக்கும் விதத்தைச் சொல்லிவிடுவேன்.' கனவில் என்ன நடக்கும் என்று சோதிடம் பார்க்கவில்லை அவள். கனவில் தான் என்ன செய்யப்போகிறோம் என்று தூங்குவதற்கு முன்பே தீர்மானிக்கிறாள். இன்றைக்கு ஆய்வுக்கூடங்களில் கற்றுக்கொடுக்கும் முதல் பாடமும் அதுதான். பாவம், அவளுக்குத் தூக்கம்தான் வரவில்லை.

★

லபெர்ஜ் வகுத்த 'மைல்ட்' முறை அந்தத் தீர்மானத்தின் விரிவுதான். ஐந்து மணி நேரம் போலத் தூங்கி எழ வேண்டும். சற்று முன் கண்ட கனவை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். 'அடுத்த தடவை கனவு காணும்போது, இது கனவு என்று எனக்கு ஞாபகம் வரும்' என்று சொல்லிக்கொண்டே, அந்தப் பழைய கனவுக்குள் தெளிவோடு திரும்ப நுழைவதாகக் கற்பனை செய்ய வேண்டும். அப்படியே தூங்கிவிட வேண்டும். மந்திரம் ஒன்றுமில்லை. 'கடைத்தெருவைத் தாண்டும்போது உப்பு வாங்கணும்' என்று காலையில் நினைத்து மாலையில் ஞாபகம் வருகிறதே, அதே ஞாபகசக்திதான். உப்பை மறப்பவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்.

★

ஏன் ஐந்து மணி நேரம்? ரெம் உறக்கம் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை சுற்றி வரும். முன்னிரவில் சில நிமிடங்கள்தான் நீடிக்கும். விடியற்காலை நெருங்க நெருங்க நீளும். கனவுச் சாகுபடிக்கு விடியற்காலைதான் நஞ்சை.

★

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஆய்வாளர் டென்ஹோம் ஆஸ்பி 2017-ல் 169 பேரை வைத்துச் சோதித்தார். பகல் சோதனை, அதிகாலை விழிப்பு, மைல்ட் மூன்றையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத் தெளிகனவு வந்த விகிதம் சுமார் 17 சதவீதம். அதிலும் மைல்ட் முடித்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கு அது 46 சதவீதமாக எகிறியது. படுத்ததும் குறட்டை விடுபவர்களை இனி யாரும் கேலி செய்யக் கூடாது.

★

உலகில் பாதிப்பேருக்கு மேல் வாழ்நாளில் ஒரு முறையாவது தெளிகனவு வந்திருக்கிறது. ஐம்பது ஆண்டுகளில் நடந்த 34 ஆய்வுகளை 2016-ல் ஒன்றுதிரட்டிப் பார்த்ததில் கிடைத்த கணக்கு 55 சதவீதம். மாதம் ஒரு தடவையாவது தெளிகனவு காண்பவர்கள் 23 சதவீதம்.

★

வந்தால் மட்டும் போதுமா? 2014-ல் வெளியான ஓர் ஆய்வில் 684 பேரிடம் கேட்டார்கள். பறக்க வேண்டும், இன்னாரிடம் பேச வேண்டும் என்று திட்டத்தோடுதான் தூங்கப் போகிறார்கள். ஆனால் கனவுக்குள் போனதும் திட்டமே மறந்துபோவது சகஜம். ஞாபகம் வந்தாலும் விழிப்பு வந்து கெடுக்கும். அல்லது கனவே குறுக்கே நிற்கும். பறக்கப் போனால் தலைக்கு மேல் மின்கம்பி.

★

பறப்பதைப் பயிற்சியாகவே எடுத்துக்கொண்டவர் மேரி ஆர்னால்ட் ஃபார்ஸ்டர் என்ற ஆங்கிலப் பெண்மணி. 1921-ல் கனவுகள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சிறுமியாக இருந்தபோது மாடிப்படிகளில் கால் படாமல் மிதந்து இறங்கியதில் தொடங்கி, பிறகு அறைக்கூரைவரை, அப்புறம் மரங்களுக்கு மேல் என்று படிப்படியாக உயரம் கூட்டினார். கனவில் பறக்கும்போது உடுத்த நீளமான தனி அங்கி ஒன்றும் வைத்திருந்தார். தான் தரையில் கால் பாவாமல் போவது கனவு மனிதர்கள் கண்ணில் பட்டு வித்தியாசமாகத் தெரியக் கூடாதாம்! தன் கனவில், தானே உண்டாக்கிய ஆட்களின் முன்னால் கூச்சப்பட்ட அந்த அம்மாளை எனக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

★

கனவு மனிதர்களுக்குக் கணக்கு வராது. ஜெர்மன் உளவியலாளர் பால் தோலி, தெளிகனவில் எதிர்ப்படும் ஆட்களிடம் வாய்ப்பாடு கேட்கச் சொன்னார். எளிய கணக்குகளிலேயே திணறினார்கள். 2011-ல் மறுபடி முறையாகச் சோதித்தபோது, கனவு மனிதர்கள் சொன்ன விடைகளில் மூன்றில் ஒன்றுதான் சரி. கேட்பவரின் மூளைதானே அவர்களுக்கும் மூளை? பிறகு ஏன் இந்தத் தடுமாற்றம்? அடுத்த துணுக்கைப் பாருங்கள். கேட்கும் இடம் மாறினால் விடை வேறு மாதிரி வருகிறது.

★

எட்டிலிருந்து ஆறு போனால்? ஆய்வாளர் இதைக் கேட்டது தூங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம். அவர் கண்ணை இரண்டு முறை இடமும் வலமும் ஆட்டி 'இரண்டு' என்றார். விழிக்கவில்லை. 2021-ல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து நான்கு நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் 36 பேரை வைத்துச் சேர்ந்து வெளியிட்ட முடிவு இது. கேள்வி கனவுக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் வேடிக்கை. ஒருவருக்குக் கார் ரேடியோவில் கணக்கு ஒலித்தது. இன்னொருவர் விருந்தொன்றில் இருந்தார்; சினிமாவில் பின்னணிக் குரல் பேசுமே, அப்படி வந்தது.

மிகைப்படுத்த வேண்டாம்: 158 முயற்சிகளில் சரியான விடை 18.4 சதவீதம்தான். 60 சதவீதத்தில் பேச்சு மூச்சில்லை.

★

கனவில் கையை மடக்கினால் மூளை என்ன செய்கிறது? மியூனிக்கில் மார்ட்டின் டிரெஸ்லர் குழு 2011-ல், ஸ்கேன் கருவிக்குள்ளேயே ஒருவரைத் தூங்கவைத்து, தெளிகனவில் கையை மடக்கச் சொல்லிப் பார்த்தது. விழித்திருக்கும்போது கையை மடக்கினால் எந்தப் பகுதி வேலை செய்யுமோ, அதே பகுதி வேலை செய்தது. அந்தக் கருவி போடும் கடகட சத்தத்தில் தூங்கி, கனவு கண்டு, அதுவும் தெளிகனவு கண்டு, சொன்னபடி கையையும் மடக்கியவருக்குத்தான் விருது கொடுக்க வேண்டும்.

★

கனவில் பழகினால் நிஜத்தில் கை படியுமா? ஒரு நாணயத்தைக் கிண்ணத்துக்குள் எறியும் பயிற்சியை வைத்து எர்லாகரும் சக ஆய்வாளர் மைக்கேல் ஷ்ரெடலும் 2010-ல் சோதித்தார்கள். தெளிகனவில் எறிந்து பழகியவர்கள் காலையில் முன்னைவிட நன்றாக எறிந்தார்கள். சிறிய ஆய்வுதான். பின்னர் ஈட்டிப் பலகை விளையாட்டான 'டார்ட்ஸ்' வைத்துச் செய்தபோது ஒரு நுணுக்கம் தெரிந்தது: கனவில் கவனம் சிதறாமல் பழகியவர்களுக்குத்தான் பலன். கனவில் ஒருமுகப்படுவது நிஜத்தைவிடச் சிரமம்.

★

திபெத்திய பௌத்தத்தில் 'மிலம்' என்று கனவு யோகம் உண்டு. நாரோபா என்ற குருவின் பெயரால் வழங்கும் ஆறு யோகங்களில் ஒன்று. கனவில் ஒன்றைப் பலவாக்கு, பெரியதைச் சிறியதாக்கு, நெருப்பை நீராக்கு என்றெல்லாம் பயிற்சிகள் இருக்கின்றன. ஆனால் நோக்கம் பொழுதுபோக்கு இல்லை. இவ்வளவு கெட்டியாகத் தெரிந்த ஒன்று நினைத்த மாத்திரத்தில் மாறுகிறதே, விழித்துக் காணும் உலகமும் அப்படித்தானோ என்று உணர வைப்பது.

★

மலேசியக் காடுகளில் வாழும் செனோய் மக்கள் தினமும் காலையில் குடும்பத்தோடு உட்கார்ந்து கனவுகளை அலசுகிறார்கள், குழந்தைகளுக்குக் கனவில் புலியை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று ஒரு கதை புத்தகம் புத்தகமாகச் சுற்றுகிறது. கிளம்பிய இடம், அமெரிக்கர் கில்டன் ஸ்டூவர்ட்டின் 1951 கட்டுரை. பிற்பாடு அந்த மக்களோடு வாழ்ந்து பார்த்த மானுடவியலாளர்கள் அப்படியொரு வழக்கத்தைக் காணவில்லை. 1985-ல் கனவு ஆய்வாளர் வில்லியம் டாம்ஹாஃப் இந்தக் கதையைப் புத்தகமாகவே எழுதி உடைத்தார். எங்கேயாவது இதைப் படித்தால் நகர்ந்துவிடுங்கள்.

★

கெட்ட கனவை அடக்க வாள் வேண்டாம். ஹெர்வேயை ஒரு கனவில் கோரமான உருவங்கள் அறை அறையாகத் துரத்தின. அடிக்கடி வந்து தொல்லை கொடுத்த கனவு அது. ஒரு நாள் 'கனவுதானே' என்று புரிந்ததும் ஓடுவதை நிறுத்தினார். சுவரில் முதுகைச் சாய்த்து, முன்னால் வந்த பூதத்தை உற்றுப் பார்த்தார். முகம் எப்படி, நகம் எப்படி என்று படம் வரைபவரைப் போல விவரம் விவரமாக. பார்க்கப் பார்க்க அது தளர்ந்து, ஆள் இல்லாத வேஷத்துணி மாதிரித் தொங்கிப்போனது. தோலியும் இதைத்தான் சொன்னார்: சண்டை போடாதே, நின்று 'நீ யார்' என்று கேள்.

★

அடிக்கடி கொடுங்கனவு வந்து அவதிப்படுவோருக்குத் தெளிகனவுப் பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2006-ல் நெதர்லாந்தில் 23 பேரை வைத்து நடந்த முன்னோட்ட ஆய்வில் கொடுங்கனவுகள் குறைந்தன. விசித்திரம், தெளிகனவே வராதவர்கள் சிலருக்கும் குறைந்தது. 'வந்தால் என்ன செய்யலாம்' என்று ஒரு வழி கையிலிருப்பதே தெம்பு போலும்.

★

'அமுக்குவான் பேய்' உங்களுக்கு அறிமுகமா? விழித்த மாதிரி இருக்கும், கைகால் அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள். ரெம் உறக்கத்தின் தசைக்கட்டு அவிழ்வதற்குள் மனம் விழித்துக்கொண்டதன் விளைவு அது. அதிகாலையில் எழுந்து மறுபடி படுத்துத் தெளிகனவுக்கு முயல்பவர்களுக்கு இது வரலாம். பயப்பட வேண்டாம், மூச்சைச் சீராக விட்டால் சில நொடிகளில், மிஞ்சிப்போனால் சில நிமிடங்களில் விலகும்.

★

மாத்திரை போட்டால் வருமா? வருகிறது. மறதிநோய்க்குக் கொடுக்கும் 'கேலன்டமைன்' மருந்தை 121 பேருக்குக் கொடுத்து லபெர்ஜ் குழு 2018-ல் வெளியிட்ட கணக்கு: மருந்தில்லாத வெறும் மாத்திரைக்குத் தெளிகனவு கண்டவர்கள் 14 சதவீதம், 4 மில்லிகிராமுக்கு 27, 8 மில்லிகிராமுக்கு 42. அதற்காக மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடிய மருந்து. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் தொடவே கூடாது. மாயக்காட்சி, மாயக்குரல் போன்ற மனநலச் சிக்கல் உள்ளவர்கள் தெளிகனவுப் பயிற்சியே செய்ய வேண்டாம். இரவுப் பணி முடித்து அரைத்தூக்கம் தூங்குபவர்களும் இருக்கிற தூக்கத்தை அலாரம் வைத்துக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

★

நாளைக்கே தொடங்க நினைப்பவர்களுக்கு: தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும் போதும். கண் விழித்ததும் அசையாமல் கிடந்து, கனவைக் கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கி நினைத்துப் பார்த்து எழுதுங்கள். செல்போனை முதலில் எடுத்தால் கனவு போச்சு. தெளிகனவு வாய்த்த வாசகர்கள் அதில் என்ன செய்தீர்கள் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். கனவில் லைட் சுவிட்சைப் போட்டுப் பார்த்தவர்கள், எரிந்ததா இல்லையா என்பதை மறக்காமல் குறிப்பிடவும்.